சுமைதாங்கிகளும் சுமை குறைத்தோரும்

மதுரையைச் சுற்றியுள்ள பழைய சாலைகளில் செல்வோர் ஆங்காங்கே ஒரு கல்லமைப்பை இன்றும் காணலாம். செங்குத்தாக நட்ட இரண்டு கற்கள்; அவற்றின் மேல் குறுக்காகக் கிடத்திய ஒரு கல். சுமைதாங்கி என்பது அதன் பெயர். தலைச்சுமையோடு வருபவர் பிறர் கை கொடுக்கக் காத்திராமல் தாமே சுமையை அதன்மேல் இறக்கி, சற்று இளைப்பாறி, மீண்டும் தாமே தலையில் ஏற்றிக்கொண்டு செல்லலாம். கருவுற்ற நிலையில் பிள்ளை பெறாமலே இறந்துபோன பெண்ணின் நினைவாக அதை நட்டுவைப்பது நம் முன்னோர் வழக்கம். தன் சுமையை இறக்கி வைக்க இயலாமலே போனவளுக்காக, வழிநடப்போர் சுமை இறக்க ஓர் இடம் அமைத்தார்கள். துயரத்தை அறமாக மாற்றிய மக்களின் உள்ளம் அக்கற்களில் தெரிகிறது.

காட்டுக்கும் மலைக்கும் சென்று தங்கிவர விரும்பும் இன்றைய இளைஞர்கள் தங்களுக்குள் ஓயாது பேசும் பொருள் ஒன்று உண்டு. முதுகுப் பையின் கனத்தை எப்படிக் குறைப்பது? எதை எடுத்துச் செல்வது, எதை விட்டுச் செல்வது? எடை குறைந்த கூடாரம், எடை குறைந்த அடுப்பு, எடை குறைந்த படுக்கை எனக் கடைகளில் பொருள்கள் பெருகிவிட்டன. சுமையைக் குறைப்பதற்கே புதிய பொருள்களை வாங்க வேண்டிய விந்தையும் நேர்ந்திருக்கிறது. ஆனால் இந்தக் கேள்வி பாண்டிய நாட்டிற்குப் புதிதன்று. இரண்டாயிரம் ஆண்டுகளாக இம்மண்ணில் நடந்தவர்கள் அதற்குத் தங்கள் கால்களாலேயே விடை எழுதியிருக்கிறார்கள். அவ்விடைகளில் சிலவற்றை ஈண்டுக் காண்போம்.

கற்படுக்கைகள்

மதுரையைச் சுற்றிலும் குன்றுகள் நிற்கின்றன. மாங்குளம், அரிட்டாபட்டி, கீழவளவு, அழகர்மலை, திருப்பரங்குன்றம், கொங்கர் புளியங்குளம், முத்துப்பட்டி, விக்கிரமங்கலம் ஆகிய இடங்களில் இயற்கையான குகைத்தளங்களில் கற்படுக்கைகள் வெட்டப்பட்டுள்ளன. பாறையைச் சமன் செய்து, தலைப்பக்கத்தைத் தலையணை போலச் சற்று உயர்த்திச் செதுக்கியிருக்கிறார்கள். குகையின் நெற்றியில், மழைநீர் உள்ளே வழிந்துவிடாதபடி ஒரு காடி வெட்டப்பட்டிருக்கும். அருகே தமிழி எழுத்துகளில் கொடையாளர் பெயர்கள் காணப்படும். மாங்குளம் கல்வெட்டுகளை இராபர்ட் சுவெல் 1882இல் கண்டறிந்தார். நெடுஞ்செழியன் என்னும் பாண்டியன் பெயர் பொறித்த அக்கல்வெட்டுகள் கி.மு. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை என்பது அறிஞர் ஐராவதம் மகாதேவன் போன்றோரின் முடிபு.

அங்கே தங்கியவர்கள் சமணத் துறவியர். அவர்கள் உடைமை எவ்வளவு? வழியில் உள்ள சிற்றுயிர்களை மெல்ல விலக்க மயிற்பீலி; நீருக்கு ஒரு கமண்டலம்; ஓதுவதற்கு நூல் இருந்தால் அது. திகம்பர மரபினர் ஆடையையும் துறந்தனர். உலகில் இதைவிடக் குறைந்த பயணச் சுமையைக் காண்பது அரிது.

எனினும் இங்கு ஓர் உண்மையைக் கவனிக்க வேண்டும். துறவி படுக்கையைச் சுமக்கவில்லை. பாறை அதைச் சுமந்தது. அவர் கூடாரம் சுமக்கவில்லை. குகையும், அதன் நெற்றியில் வெட்டிய காடியும் மழையைத் தடுத்தன. ஓரிடத்திலிருந்து ஓரிடம் சென்றுகொண்டே இருக்க வேண்டிய அத்துறவியர், மழைக்காலத்தில் மட்டும் சிற்றுயிர்களுக்குத் தீங்கு நேராதிருக்க ஓரிடத்தில் தங்குவது அவர்கள் ஒழுக்கம். கற்படுக்கைகளின் பயன் அப்போது நன்கு விளங்கியிருக்கும். அவற்றைச் செய்வித்தவர்கள் யார்? மாங்குளத்தில் அரசனைச் சார்ந்தோரும் வெள்ளறை நிகமத்து வணிகரும். அழகர்மலையில் உப்பு வணிகன், அறுவை வணிகன், கொழு வணிகன், பாணித வணிகன் முதலியோர். உப்பும் துணியும் வெல்லமும் மூட்டை மூட்டையாகக் கொண்டு சென்று பிழைத்தவர்கள், எதையும் சுமக்காதவர்களுக்கு இடம் செய்து கொடுத்தார்கள்.

நிலம் சுமந்த சுமை

வெயில் காயும் இச்சமவெளியில் நடப்பவருக்கு மிகக் கனமான பொருள் எது? உணவன்று, உடையன்று, தண்ணீர். ஒரு லிட்டர் நீர் ஒரு கிலோ எடை. சித்திரை வெயிலில் நாள் முழுதும் நடப்பவருக்கு ஒரு குடுவை எம்மூலைக்கு? அப்படியிருந்தும் நம் முன்னோர் ஒரு சுரைக்குடுவையோடு ஊர் ஊராகச் சென்றார்கள். வைகையில் நீர் ஓடாத மாதங்களிலும் மணலைத் தோண்டினால் ஊற்று சுரக்கும் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். எந்தக் கண்மாயில் எந்த மாதம் வரை நீர் நிற்கும், எந்தக் கிணற்று நீர் உவர்ப்பு என்பதெல்லாம் வழி கேட்கும்போதே கேட்டறியும் செய்திகள். கோடையில் தண்ணீர்ப்பந்தல்கள், பெருவழிகளில் சத்திரங்களும் சாவடிகளும். 1689 முதல் 1706 வரை மதுரை நாட்டை ஆண்ட இராணி மங்கம்மாள் அமைத்த சாலைகளும் சத்திரங்களும் இன்றும் மக்கள் நாவில் வாழ்கின்றன. மதுரைத் தொடர்வண்டி நிலையத்தின் எதிரே அவர் பெயரால் வழங்கும் சத்திரத்தை அறியாதவர் நம்மில் உண்டோ?

பனைமரம் மற்றொரு துணை. ஓலை குடையாயிற்று, பெட்டியாயிற்று, பதநீர் குடிக்கும் பட்டையாயிற்று, எழுதும் ஏடும் ஆயிற்று. உண்ணும் தட்டை யாரும் சுமக்கவில்லை. வாழையிலையும் தாமரையிலையும் வழியில் கிடைத்தன. கட்டுச்சோறு முதல் நாளுக்கு. அவலும் பொரிமாவும் அடுத்த நாள்களுக்கு. தோளில் கிடந்த ஒரு துண்டு எத்தனை வேலை செய்தது! வெயிலுக்குத் தலைப்பாகை, சுமைக்குச் சும்மாடு, நீரை வடிகட்டும் துணி, இரவில் விரிப்பு, விடியலில் போர்வை. ஒரு பொருளைப் பல பயனுக்குக் கொள்வதே சுமை குறைக்கும் முதல் வழி என இன்றைய நூல்கள் கூறுவதை, உழவனின் துண்டு எப்போதோ செய்து காட்டிவிட்டது.

இவ்வாறு பார்க்கும்போது, குறைந்த சுமை என்பது இழப்பன்று. மண்ணையும் மக்களையும் அறிந்திருப்பதன் பயன் என்பது தெளிவாகும். அறியாத நிலத்தில் நடப்பவன் தன் அச்சங்களை எல்லாம் பொருள்களாக்கி முதுகில் ஏற்றிக்கொள்கிறான். அறிந்தவன் வெறுங்கையோடு நடக்கிறான்.

தத்துவ போதகர் களைந்தவை

1606ஆம் ஆண்டு மதுரைக்கு வந்து சேர்ந்தார் இராபர்ட் தெ நொபிலி. 1577இல் இத்தாலியில் உயர்குடியில் பிறந்த இயேசு சபைத் துறவி. அவருக்கு முன்பே 1595 முதல் கொன்சாலோ பெர்னாண்டஸ் அடிகளார் இங்குப் பணியாற்றிவந்தார். கடற்கரையிலிருந்து மதுரைக்கு வந்து தங்கிய பரதவரின் ஆன்மிகத் தேவைகளை அவர் நிறைவேற்றினார். ஆனால் மதுரை மக்களோ அவரை அணுகவில்லை. காரணம் தெ நொபிலிக்கு விரைவில் விளங்கிற்று. ஐரோப்பியரைப் 'பறங்கி' என்று மக்கள் வெறுத்தார்கள். தோற்காலணியும், கறுப்பு அங்கியும், மாட்டிறைச்சியும், மேசை நாற்காலியும் நற்செய்திக்கு முன்னே சென்று கதவை அடைத்துவிட்டன.

எனவே அவர் களையத் தொடங்கினார். தோற்காலணி போயிற்று, மரப் பாதக்குறடு வந்தது. கறுப்பு அங்கி போயிற்று; காவி வந்தது. நாற்காலியும் கட்டிலும் போயின. தரையும் பாயும் போதுமாயின. நாளொன்றுக்கு ஒரு வேளை சோறும் காய்கறியும் பாலும் உணவாயின. கையில் கோலும் கமண்டலமும். தமிழையும் வடமொழியையும் தெலுங்கையும் கற்றார். அவர் முறை பற்றிய வழக்கு உரோமை வரை சென்று, 1623 சனவரி 31 அன்று திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரியார் வெளியிட்ட ஆணையால் அவருக்குச் சார்பாக முடிந்தது. அதே ஆண்டில் அவர் மதுரையை விட்டு வடக்கே சேலம் நோக்கிச் சென்றார். முதுமையில் கண்பார்வை மங்கிய நிலையில் மயிலாப்பூரில் ஒரு குடிசையில் வாழ்ந்து, 1656இல் அங்கேயே இறைவனடி சேர்ந்தார்.

ஆயினும் வரலாற்றை நேர்மையோடு நோக்கினால் மற்றொன்றும் புலப்படும். அவர் ஐரோப்பியச் சுமையை இறக்கினார். ஆனால் இந்நாட்டுச் சுமை ஒன்றை ஏற்றுக்கொண்டார். உயர்குலச் சந்நியாசியின் கோலம் பூண்டவர் அக்கோலத்திற்கு உரிய கட்டுப்பாடுகளையும் சுமந்தாக வேண்டும். தமக்கெனத் தனிச் சமையலர், தனி இல்லம், தனிக் கோயில். ஒடுக்கப்பட்ட மக்களை வெளிப்படையாக அணுக இயலாத நிலை. சாதி எடையற்ற பொருள். தராசில் நிறுக்க முடியாது. ஆனால் அதைவிடக் கனமான சுமை இம்மண்ணில் வேறில்லை. இக்குறையை உணர்ந்தே 1640இல் பண்டாரசாமி முறை தொடங்கப்பட்டது. பல்தசார் தா கோஸ்தா அடிகளார் அதன் முன்னோடி. பண்டாரசாமிகள் எல்லாக் குலத்தாரிடமும் செல்லக்கூடியவர்கள். மறைத்தளத்தின் வளர்ச்சிக்கு அவர்களே பெருங்காரணமாயினர். ஆனாலும் சாதி என்னும் மூட்டையை அவர்களாலும் முழுமையாக இறக்கிவிட முடியவில்லை என்பதை நம் ஆலயங்களின் பிற்கால வரலாறு சொல்லும். அம்மூட்டை இன்னும் நம் முதுகில்தான் இருக்கிறது.

குறைக்க முடியாத சுமை

எல்லாவற்றையும் குறைத்தாலும், எந்தக் குருவானவரும் குறைக்க முடியாத சுமை ஒன்று இருந்தது. அது திருப்பலிக்கு உரிய பொருள்கள். அக்கால வழிபாட்டு ஒழுங்கின்படி, மந்திரிக்கப்பட்ட பீடக்கல் இல்லாமல் பலி ஒப்புக்கொடுக்க முடியாது. குடிசையானாலும் மரத்தடியானாலும் அக்கல் வேண்டும். அதனுடன் இரசக் கிண்ணம், அப்பத் தட்டு, திருவுடை, பூசைப் புத்தகம், நோயாளருக்கான திரு எண்ணெய். திராட்சை விளையாத உள்நாட்டில் இரசம் தொலைவிலிருந்தே வந்தாக வேண்டும். ஒவ்வொரு துளியும் அருமை.

இப்பட்டியலை ஊன்றிப் பார்த்தால் ஒன்று தெரியும். இவற்றில் ஒன்றுகூட அவருடைய உடல் நலத்துக்கானதன்று. அனைத்தும் மக்களுக்கானவை. தமக்கானதை எல்லாம் விட்டுவிட்டு, பிறருக்கானதை மட்டும் எடுத்துச் சென்ற மூட்டை அது. எதை விடலாம் என்னும் கேள்விக்கு விடை, எதற்காகப் போகிறோம் என்னும் கேள்வியில் இருக்கிறது. நோக்கம் தெளிவாக இருப்பவனுக்கு மூட்டை கட்டுவது எளிது.

மறவ நாட்டின் பண்டாரசாமி

இம்மரபின் மணிமுடியாக விளங்குபவர் புனித அருளானந்தர். 1647 மார்ச் 1 அன்று லிஸ்பனில் பிறந்து, போர்த்துகல் அரண்மனையில் இளவரசர் பேதுருவின் ஏவலராக வளர்ந்த யோவான் தெ பிரித்தோ, 1673இல் கோவா வந்து, அடுத்த ஆண்டு மதுரை மறைத்தளத்தில் பணி தொடங்கினார். பட்டுத்துணியில் வளர்ந்தவர் பண்டாரசாமியின் காவி அணிந்தார். போர்களும் பஞ்சமும் வாட்டிய நாட்டில் ஓரிடத்தில் நிலையாக இருக்க முடியவில்லை. மறவ நாட்டில் எந்நேரமும் எழுந்து வேறிடம் செல்ல வேண்டிய நிலை. காட்டுக் குடிசைகளே கோயில்கள். 1686இல் பிடிபட்டுக் கொடிய வதைகளுக்கு உள்ளாகி விடுதலை பெற்றார்.

பின்னர் சபைப் பணிக்காக ஐரோப்பா அனுப்பப்பட்டபோது நடந்ததுதான் நம் சிந்தனைக்கு உரியது. லிஸ்பன் நகரில், தம் இளமைத் தோழர் அரசராக வீற்றிருந்த அரண்மனையின் அருகிலும், அவர் மதுரைத் துறவியின் எளிய உணவையும் தரைப் படுக்கையையும் விடவில்லை. இங்கே அவர் பூண்ட எளிமை வேடம் அன்று என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ? வேடமாயின் பார்ப்பவர் மாறியதும் கழன்றிருக்கும். அங்கேயே இருந்துவிடும்படி அரசர் வேண்டியும் கேளாமல் 1690இல் மீண்டும் இந்தியா வந்தார். தடியத்தேவரின் மனமாற்றத்தை அடுத்துக் கிழவன் சேதுபதியின் சினத்துக்கு ஆளாகி, 1693 பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் தலை வெட்டுண்டு மறைசாட்சியானார். இறுதி நாள்களில் சிறையிலிருந்து அவர் மடல் எழுதினார். மையும் இறகும் இல்லாத நிலையில் கரியைக் கொண்டு எழுதினார் என்பர். 1947இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் அவரைப் புனிதராக அறிவித்தார்.

யார் தலையில்?

சுமையைக் குறைப்பது வேறு. பிறர் தலைக்கு மாற்றுவது வேறு. இந்த வேறுபாட்டை மறந்தால் வரலாறு நம்மை ஏமாற்றிவிடும். வீரமாமுனிவர் (1680-1747) பல்லக்கில் பரிவாரத்தோடு சென்றதாக 19ஆம் நூற்றாண்டில் முத்துசாமிப் பிள்ளை எழுதிய வரலாறு கூறுகிறது. அதை ஐயுறும் அறிஞர்கள் உண்டு. மெய்யாயினும் பொய்யாயினும், பல்லக்கு என்றால் அதைத் தூக்க ஆட்கள் வேண்டும் என்பது மட்டும் மெய்.

ஆங்கிலேயர் காலத்தில் ஆட்சியர் ஜமாபந்திக்குப் புறப்பட்டால், கூடாரங்களும் மேசை நாற்காலிகளும் சமையற் கலங்களும் மாட்டு வண்டிகளில் முன்னே செல்லும். 1845இல் அமெரிக்க மறைப்பணியாளர்கள் மதுரைச் சமவெளியின் வெப்பத்திற்கும் நோய்க்கும் தப்பிக் கொடைக்கானலில் முதல் வீடுகளைக் கட்டினார்கள். மோட்டார் சாலை அமைவதற்கு முன், மலையடிவாரத்திலிருந்து பெட்டி படுக்கைகளோடு மனிதர்களும் நாற்காலியில் அமர்த்தப்பட்டுக் கூலியாட்களின் தோளில் மேலே சென்றார்கள். துரையின் கை வெறுங்கை. ஆனால் மலைமேல் சென்ற சுமையில் ஒரு பலம்கூடக் குறையவில்லை.

நம் கால்நடைத் திருப்பயணங்களிலும் இதைக் காணலாம். வேளாங்கண்ணிக்கு நடப்போர் பலர் காவியுடுத்துக் கைவீசி நடக்கின்றனர். மூட்டைகள் பின்னால் வண்டியில் வருகின்றன. அதில் குற்றம் ஒன்றுமில்லை. ஆனால் அந்த வண்டியைத் தள்ளுபவரும், வழியில் மோரும் சோறும் வழங்குபவரும், நாம் வீசியெறியும் நெகிழிப் போத்தலை மறுநாள் பொறுக்குபவரும் நம் சுமையைச் சுமக்கிறார்கள் என்பதை நினைக்க வேண்டாமா?

காட்டுப் பயணத்திலும் இந்த அளவுகோல் பொருந்தும். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி, மலையேறச் சென்றோர் இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்த துயரம் நம் நெஞ்சைவிட்டு அகலவில்லை. நீர், மருந்து, விளக்கு, வழி அறிந்த துணை, வனத்துறையின் இசைவு ஆகியவற்றைக் குறைப்பது எளிமை ஆகாது. அவற்றை விட்டுச் செல்பவன் தன் சுமையை மீட்க வருபவர்களின் தோளில் ஏற்றுகிறான். உடைமையைக் குறைக்கலாம், பொறுப்பைக் குறைக்க இயலாது.

நற்செய்தியின் பட்டியல்

பன்னிருவரை அனுப்பும்போது ஆண்டவர் இயேசு அவர்களுக்கு ஒரு பயணப் பட்டியலே கொடுத்தார் எனலாம். அதை நற்செய்தியாளர்கள் ஒரே வகையாக எழுதவில்லை என்பது கவனிக்கத்தக்கது. மாற்கு கைத்தடியையும் மிதியடியையும் இசைவளிக்கிறார். மத்தேயு அவற்றையும் வேண்டாம் என்கிறார். லூக்காவோ, இறுதி இரவில் ஆண்டவரே அச்சீடர்களிடம், முன்பு எதுவுமின்றிப் போனபோது குறைபட்டீர்களா என வினவி, இப்போது பை உள்ளவன் அதை எடுத்துக்கொள்ளட்டும் எனக் கூறியதாக வரைகிறார். ஆகவே பட்டியல் காலத்திற்கும் வழிக்கும் ஏற்ப மாறும். மாறாதது ஒன்று: ஊரில் எந்த வீட்டில் ஏற்கிறார்களோ அங்கே தங்க வேண்டும். பையின்றிச் செல்பவன் பிறர் வாசலில் நின்றாக வேண்டும். அந்நிற்றலில்தான் சீடத்துவம் தொடங்குகிறது. இயேசு சபையில் புதிதாகச் சேர்வோர் ஒரு மாதம் பணமின்றித் திருப்பயணம் செல்ல வேண்டும் எனப் புனித இஞ்ஞாசியார் தம் சட்டத்தொகுப்பில் விதித்ததன் உட்பொருளும் இதுவே.

சமணத் துறவிக்குப் படுக்கை வெட்டித் தந்த உப்பு வணிகனும், அருளானந்தருக்குக் காட்டில் குடிசை போட்டுத் தந்த எளிய மக்களும், பிள்ளை பெறாது இறந்தவளின் நினைவாகக் கல் நட்ட குடும்பமும் ஒரே வேலையைச் செய்தவர்கள். நடப்பவன் குறைவாகச் சுமக்க வேண்டுமானால், வழியில் இருப்பவர் சற்று அதிகமாகச் சுமக்க முன்வர வேண்டும். நாம் சில நாள் நடப்பவர்கள். பல நாள் வழியில் இருப்பவர்கள். நடக்கும் நாளில் நம் மூட்டையைக் குறைப்போம். இருக்கும் நாளில், சுமந்து சோர்ந்து வருபவருக்குக் கை உயரத்தில் ஒரு கல்லாக நிற்போம்.